செகண்டில் போட்டு வை

இன்று காலை வெள்ளை வண்டியின் கதவைத் திறந்ததும் அந்த வாடை முகத்தில் அடித்தது. பெட்ரோல், வெயிலில் வெந்த ரெக்சின், மழையில் ஊறிக் காய்ந்த கால்மிதி, எல்லாம் கலந்த வாடை. முன் கண்ணாடிக்குக் கீழே நீங்கள் வைத்துவிட்டுப் போன எலுமிச்சம்பழம் கருத்துச் சுருங்கிக் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஆகியிருந்தது. எனக்கு அது உங்கள் சட்டை வாடையாகத்தான் வந்தது. உடனே அழுகை வந்தது. அது நிற்பதற்குள் கோபமும் வந்துவிட்டது. நீங்கள் போன பிறகு எனக்கு இரண்டும் சேர்ந்தேதான் வருகின்றன. அதிலும் கோபம்தான் கொஞ்சம் அதிக நேரம் இருந்துவிட்டுப் போகிறது.

காரணம் உங்களுக்குத் தெரியும். தெரியாதது போல இருப்பீர்கள். கார் செய்கிற ஊரில், நாளெல்லாம் காரைப் பற்றியே பேசுகிற மனிதரோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்தேன். நீங்கள் இருந்தவரை ஒரு காரை நம் தெருமுனை வரைக்கும்கூட நான் ஓட்டியதில்லை.

ஒரகடத்துப் பக்கம் நம் வல்லத்தைச் சுற்றி நெல் விளைந்த இடத்தில் கம்பெனிகள் எழும்பிக்கொண்டிருந்த நேரம், இரண்டாயிரத்து ஏழு வாக்கில் இருக்கும், இந்தக் கூத்து தொடங்கியது. உங்களுக்குக் கார் கம்பெனியில் வேலை. லைன் முடிவில் வந்து நிற்கிற புது வண்டியில் ஏறி, யார்டுக்குக் கொண்டுபோய்க் கோட்டுக்குள் நிறுத்திவிட்டு, திரும்ப வந்து அடுத்த வண்டியை எடுக்க வேண்டும். ஷிப்ட் முழுக்க அதுதான். எனக்கு ஒயர் கம்பெனியில் வேலை. காருக்குள் போகிற ஒயர்களைக் கலர் பார்த்துக் கட்டாகக் கட்டுவது. வாரமெல்லாம் புது வண்டிக்கு உழைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆனால் நம் வாசலில் ஒரு பழைய வண்டியோடு மல்லுக்கு நிற்போம். எங்காவது மரத்தடியில் கிடக்கும் வண்டியை வாங்குவது, பழுது பார்ப்பது, விற்பது. எஞ்சின் வேலை உங்களுக்கு, ஒயர் வேலை எனக்கு. கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்பார்களே, அதை நாம் ஒரகடத்துப் பக்கத்தில் செய்துகொண்டிருந்தோம். ஆனாலும் வாங்க ஆள் வந்துகொண்டுதான் இருந்தது.

நம் வாசலுக்கு வந்த வண்டிகளில் ஒன்றாவது செல்ஃப் எடுத்ததுண்டா? சாவியைத் திருப்பினால் வயசானவர் போல ஒருமுறை இருமும், பிறகு சத்தமே வராது. பேட்டரி மாற்றலாமே என்றால், "வாங்குறவன் மாத்திக்கினு போறான், உனுக்கு இன்னா?" என்பீர்கள். அதனால் எப்போதும் தள்ளுதான். நான் தள்ளினால் வண்டி அசையாது. எனவே நீங்களும் உங்கள் தம்பியும் பின்னால் நிற்பீர்கள், நான் ஸ்டியரிங்கில் உட்காருவேன்.

"இந்தாமே, செகண்ட்ல போட்டு வை. கிளட்ச நல்லா மிதிச்சிக்கோ. நான் சொல்லும்போது டக்குனு வுடு."

கண்ணாடியில் நீங்கள் தெரிவீர்கள். இரண்டு கையையும் டிக்கியில் ஊன்றி, தலையைக் குனிந்து தள்ளுவீர்கள். தலையில் கட்டிய துண்டுதான் எனக்குத் தெரியும். வண்டி உருளத் தொடங்கியதும் "வுடு!" என்று கத்துவீர்கள். நான் கிளட்சை விடுவேன். வண்டி குலுங்கி, ஒரு உதறு உதறிப் பிடித்துக்கொள்ளும். உடனே மறுபடி கிளட்சை மிதித்து, நியூட்ரலுக்கு வந்து, எஞ்சின் அணையாமல் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்துக்கொண்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைப்பேன். இதில் நான் ஒரு நாளும் தப்பு செய்ததில்லை. அதற்குள் நீங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு கதவருகே ஓடி வந்திருப்பீர்கள். "நவுரு, நவுரு." நான் கியர்க் கம்பியைத் தாண்டிக் காலைத் தூக்கிப் போட்டு இடதுபக்க சீட்டுக்குப் போவேன். நீங்கள் ஏறி உட்கார்ந்து கிளப்பிக்கொண்டு போவீர்கள்.

வருஷக்கணக்காக இதே கதை. செத்த வண்டிக்கு உயிர் கொடுக்கிற வரைக்கும் நான், உயிர் வந்த பிறகு நீங்கள்.

கேட்காமல் இல்லை. "ஒரு நாளு எனுக்கும் ஓட்டக் கத்துக் குடுங்களேன்" என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன். ஸ்ரீபெரும்புதூரில் டிரைவிங் ஸ்கூலில் சேர்கிறேன் என்றதற்குக்கூட உங்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. "டிரைவர் பொண்டாட்டி ஸ்கூலுக்குப் போயி கத்துக்கினான்னு ஊரு சிரிக்கவா? வண்டி ரெடியாவட்டும், அடுத்த ஞாயித்துக்கெழம நானே கத்துத் தரேன்." வண்டி ரெடியாகும். சனிக்கிழமையே பார்ட்டி வந்து அதைக் கொண்டுபோய்விடும். ஓடாத வண்டியில் கற்றுக்கொள்ள முடியாது, ஓடுகிற வண்டி நம்மிடம் தங்காது. வெண்ணெய் திரளும்போது தாழி உடைவதை நான் மாதத்துக்கு ஒருதரம் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஏமாந்ததும் நான்தான்.

இதில் சாயங்காலம் ஆனால் வாசலில் உங்களுக்கும் உங்கள் தம்பிக்கும் பட்டிமன்றம் வேறு. எவன் நல்ல டிரைவர் என்பதுதான் எப்போதும் தலைப்பு. பானெட்டில் டீ டம்ளரை வைத்துக்கொண்டு ஆரம்பிப்பீர்கள். அவர் ஷிப்ட் வேன் ஓட்டுகிறவர். தண்டலத்துக்கும் ஒரகடத்துக்கும் தினம் ஆள் ஏற்றி இறக்குகிறவர்.

"வண்டி தானா கெட்டுப்போவாதுடா. ஓட்றவன்தான் கெடுக்கிறான். ஆடத் தெரியாதவ தெரு கோணல்னாளாம். அந்த மாரி, கிளட்ச தேச்சிட்டு வண்டி சரியில்லன்றான்."

"நீ பேசாத. தெனம் ஒரு பர்லாங்கு ஓட்டி நிறுத்துற ஆளு நீ. லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல வேன வுட்டு ஓட்டிப் பாரு, அப்ப தெரியும்."

"ஒரு பர்லாங்குன்னாலும் ஒரு கீறல் வுழுந்திருக்குதாடா? கேட்டுப் பாரு போயி. நீ கியர் போட்டா கீரை கடையிற மாரி கீது."

"சரி வுடு. நாம அடிச்சிகினாலும் பொம்பளைங்க ஓட்றதுக்கு நாம எவ்ளோ மேல. அவங்க வண்டியில பிரேக் லைட்டு அணையறதே இல்ல."

அன்றைக்கு நீங்கள் சிரித்தீர்கள். நான் அடுப்பங்கரையிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். "கடையறது யாருன்னு எனுக்குத்தான் தெரியும். அந்த டம்ளர கழுவி வெச்சிட்டு ரெண்டு பேரும் ஞாயம் பேசுங்க" என்று கத்தினேன். அதற்கும் சிரித்தீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிரிக்காமல் ஒரு வார்த்தை, "அவ கிளட்ச வுடற மாரி உன்னால வுட முடியுமாடா" என்று சொல்லியிருந்தால், நான் ஒரு வருஷத்துக்குக் கேள்வி கேட்காமல் டீ போட்டிருப்பேன்.

இந்தப் பட்டிமன்றம் வாசலோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. வியாபாரத்திலும் வந்து உட்கார்ந்துகொண்டது. ஊரில் எல்லாரும் வண்டியை ஓட்டிப் பார்த்து வாங்குவார்கள். நம் வீட்டில் மட்டும், வாங்க வந்த ஆளை ஓட்டவிட்டுப் பார்த்துத்தான் விற்பது. பார்ட்டி வருகிறது என்றால் விடிந்ததும் வண்டியைத் தள்ளிக் கிளப்பி, நன்றாகச் சூடாக்கி வைத்துவிடுவோம். அவர் வந்து சாவியைத் திருப்பினால் பாதித் திருப்பில் பிடித்துக்கொள்ளும். அந்தத் தந்திரத்துக்கு உங்களுக்குக் கூச்சம் கிடையாது. "கேட்டா சொல்லப்போறேன். கேக்கலன்னா நான் இன்னா பண்ண?" ஆனால் அதே நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, வாங்க வந்தவர் கிளட்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிறாரா, திரும்புகிறபோது கண்ணாடியைப் பார்க்கிறாரா என்று வாத்தியார் மாதிரி பார்ப்பீர்கள். பிடிக்கவில்லை என்றால் ஒரே வார்த்தைதான். "சரிப்படாதுங்க."

நீல வண்டிக்கு வந்த அந்தத் திருநெல்வேலிப் பையனை நினைவிருக்கிறதா? எதிர்வீட்டு மாடி ரூமில் கூட்டாளிகளோடு தங்கியிருந்தவன். ஊரில் அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று ஆசையாக வந்தான். நீங்கள் அவனைத் தெருமுனை வரை ஓட்டவிட்டு, திரும்பி வந்ததும் தலையை ஆட்டினீர்கள்.

"அண்ணாச்சி, நான் வண்டி பாக்க வந்தேனா, பரீச்ச எழுத வந்தேனா?"

"கோச்சிக்காத தம்பி. கியர் மேலயே கைய வெச்சிகினு ஓட்ற. இந்த கியர் பெட்டி தாங்காது."

"எங்க ஊர்ல பொண்ணு கேட்டு போனாக்கூட இவ்வளவு கேக்க மாட்டாவ அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனான். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆத்திரமும் வந்தது. அந்த நீல வண்டி அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் முழுக்க நம் வாசலில் நனைந்தது. அதை விற்ற பாடில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அது படுத்துக்கொள்ள, மறுபடி தள்ளு, மறுபடி "நவுரு".

பிறகுதான் இந்த வெள்ளை வண்டி வந்தது. வரும்போதே ஓட்டுகிறவர் சீட் முன்னால் வந்து இறுகிப்போயிருந்தது. அது நகர்கிற தண்டவாளம் துருப்பிடித்து, சீட் பின்னால் போகவில்லை. எனக்குக் கால் சரியாக எட்டியது. உங்களுக்கு முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. எண்ணெய் விட்டுச் சுத்தியால் இரண்டு தட்டு தட்டினால் முடிகிற வேலை. எஞ்சினைப் பிரித்துப் போட்டீர்கள், கார்புரேட்டரைக் கழற்றி என் சாப்பாட்டுத் தட்டிலேயே பரப்பினீர்கள், சைலன்சரை மாற்றினீர்கள். சீட்டை மட்டும் "அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டுவிட்டீர்கள். காலை மடக்கிக்கொண்டு, தவளை மாதிரி உட்கார்ந்து நீங்களே ஓட்டினீர்கள்.

அந்த வண்டிக்கு வந்த யாரும் உங்கள் பரீட்சையில் தேறவில்லை. கல்லூரிப் பேருந்து ஓட்டுகிறவர் வந்தார், சரிப்படாது. மறைமலை நகரிலிருந்து ஒரு மெக்கானிக்கே வந்தார், சரிப்படாது. கடைசியில் உங்கள் தம்பி, தனக்கு வேண்டும் என்று கேட்டார். அவரையும் ஓட்டவிட்டுப் பார்த்து, வாய் கூசாமல் அதையே சொன்னீர்கள். அவர் முகம் சுருங்கிப்போனது. பொங்கலுக்குக்கூட அந்த வருஷம் நம் வீட்டுக்கு வரவில்லை. எனக்கு வந்த கோபத்தில் மரியாதையெல்லாம் பறந்துவிட்டது.

"யோவ், கூடப் பொறந்தவனுக்கே குடுக்க மாட்ட. யாருதான்யா உன் கண்ணுக்கு டிரைவரு?"

பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னீர்கள். "கோச்சிக்காதமே. சரியான ஆளு வர்றப்ப தெரியும்."

தெரியவே இல்லை. அதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

அன்றைக்கு யார்டில் கூட இருந்தவர் வந்து சொன்னதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. நெஞ்சு வலித்திருக்கிறது. ஆனாலும் வண்டியைக் கோட்டுக்குள் நேராக நிறுத்தி, நியூட்ரலுக்கு வந்து, ஹேண்ட்பிரேக் போட்டு, எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் ஸ்டியரிங்கில் சாய்ந்தீர்களாம். "ஒரு கீறல் இல்லம்மா" என்றார் அந்த மனிதர், அது எனக்கு ஆறுதல் என்று நினைத்துக்கொண்டு. யாரோ வாங்கப்போகிற வண்டியை அவ்வளவு பத்திரமாக நிறுத்தினீர்களே, அதில் பாதி நேரம் ஹாரனை அழுத்தியிருந்தால் யாராவது ஓடி வந்திருப்பார்களே என்றுதான் எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

காரியமெல்லாம் முடிந்து சில மாதம் கழித்து, யாரிடமும் சொல்லாமல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். முதல் நாள் மாஸ்டர் எஞ்சினைக் கிளப்பிக் கொடுத்து, "எடுங்கம்மா" என்றார். நான் கிளட்சை மிதித்தேன். செகண்டில் போட்டேன். கண்ணாடியைப் பார்த்தேன். பிறகு டக்கென்று காலை எடுத்தேன். வண்டி ஒரு குதி குதித்து நின்றது.

"இன்னாம்மா இது? ஓடிகினு இருக்கிற வண்டிய எதுக்கு மறுபடி ஸ்டார்ட் பண்றீங்க?"

மறுபடி அதையேதான் செய்தேன். அடுத்த நாளும் அதையேதான். அவருக்குத் தலை சுற்றியது. "நானும் எத்தினியோ பேருக்குச் சொல்லிக் குடுத்துட்டேன். ஃபர்ஸ்ட் கியரே தெரியாம, செகண்ட் மட்டும் இவ்ளோ ஷோக்கா போட்ற ஆள இப்பதான் பாக்கிறேன். யாரும்மா உங்களுக்குக் கத்துக் குடுத்தது?"

என்ன சொல்வது அவருக்கு? பின்னால் ஆள் நின்று தள்ளினால்தான் வண்டி நகரும் என்று என் கால் நம்பிக்கொண்டிருக்கிறது, அதை நம்பவைத்தவர் இப்போது இல்லை என்றா சொல்வது? நடு ரோட்டில் உங்கள் மேல் எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சம் இல்லை. பாதியைக் கற்றுக் கொடுத்தவர் மீதியையும் கொடுத்திருந்தால் என்ன குறைந்துவிடும்? இதற்காகவே ஒருமுறை லைசென்ஸ் டெஸ்டில் கோட்டை விட்டேன். அடுத்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு ஃபர்ஸ்டில் எடுத்து, வாங்கிவிட்டேன்.

வாங்கி என்ன? லைசென்ஸ் அலமாரியில் இருந்தது, வண்டி வாசல் கொட்டகையில் இருந்தது. பேட்டரி எப்போதோ செத்துப்போயிருந்தது. உங்கள் தம்பி வாரத்துக்கு ஒருதரம் வந்து, "அண்ணி, சும்மா நிக்க வெச்சிகினு இருந்தா துரு புடிச்சிபூடும். ஒரு நல்ல பார்ட்டி கீது, குடுத்துடலாம்" என்று அரித்துக்கொண்டிருந்தார். பழைய வருத்தத்தை அவர் மனதில் வைத்துக்கொள்ளவில்லை, பாவம். எனக்கும் சலித்துவிட்டது. பார்க்கப் பார்க்கக் கோபம் வருகிற பொருளை எதற்கு வாசலில் வைத்திருக்க வேண்டும்? சரி, கூட்டி வாங்க என்றுவிட்டேன்.

அந்தப் பார்ட்டிதான் இன்று காலை வருவதாக இருந்தது. வழக்கப்படி முன்னாடியே கிளப்பிச் சூடாக்கி வைக்க வேண்டும். உங்கள் தம்பி எதிர்வீட்டு ரூமிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பின்னால் போய் நின்றார். நான் கதவைத் திறந்தேன். அப்போதுதான் அந்த வாடை அடித்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். செகண்டில் போட்டேன்.

"வுடுங்க அண்ணி!"

விட்டேன். இத்தனை மாதம் கிடந்த வண்டி, ஒரே உதறலில் பிடித்துக்கொண்டது. நியூட்ரல், ஆக்சிலேட்டர், ஹேண்ட்பிரேக். எல்லாம் கை தானாகச் செய்தது. அதோடு நிற்கவில்லை. புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, கியர்க் கம்பியைத் தாண்டி இடது காலை அந்தப் பக்கம் போட்டுவிட்டேன். பாதி உடம்பு அந்த சீட்டில், பாதி இந்த சீட்டில். நீங்கள் வந்து கதவைத் திறப்பீர்கள் என்று காத்திருக்கிறேன். உங்கள் தம்பிதான் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து கதவில் கை வைத்தார்.

"அவ்ளோதான் அண்ணி, எறங்குங்க. நான் ஒரு ரவுண்டு போயி சூடு பண்ணிகினு வந்துடறேன்."

நான் போட்ட காலைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். "நானே போறேன்" என்றேன்.

"அண்ணி, மெயின் ரோட்டுல லாரிங்கோ..."

"லைசென்ஸ் கீது. நவுருங்க."

அந்த வார்த்தையைச் சொல்ல எத்தனை வருஷம் ஆகியிருக்கிறது பாருங்கள்.

மெயின் ரோட்டில் ஒரகடம் சிக்னல் வரை போனேன். புது வண்டிகளை அடுக்கி ஏற்றிய டிரெய்லர் ஒன்று முன்னால் போனது. பக்கத்தில் ஷிப்ட் பஸ். சிக்னலில் நின்று எடுக்கும்போது பழக்க தோஷத்தில் செகண்டில் எடுத்துவிட்டேன். வண்டி நடுங்கியது, ஆனால் அணையவில்லை. பின்னால் இருந்த ஒருவன் ஹாரன் அடித்துவிட்டு, "ஓட்டத் தெரியலன்னா வூட்ல கெடக்க வேண்டிதான!" என்று கத்திக்கொண்டு போனான். "உன் பிரேக் லைட்ட பாத்து ஓட்டு, போ!" என்று நானும் கத்தினேன். சந்தோஷமாக இருந்தது, அதை உங்களிடம் மறைக்கப்போவதில்லை. வாயெல்லாம் பல்லாகத்தான் திரும்பி வந்தேன்.

பார்ட்டி வந்து காத்திருந்தார். உயரமான மனிதர். சீட்டில் உட்கார்ந்ததும் முழங்கால் இடித்தது. "இன்னாம்மா, பின்னால போவாதா இது?" என்று சிரித்தார். ஓட்டிக் காட்டுங்கள் என்றேன். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஓட்டினார். கிளட்சில் கால் வைக்கவில்லை. கியர் மேல் கை வைக்கவில்லை. திரும்பும்போது கண்ணாடியைப் பார்த்தார். உங்களைவிட நன்றாக ஓட்டினார் என்றுகூடச் சொல்வேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. வாசலில் வந்து நிறுத்தியதும், "சரிப்படாதுங்க" என்றேன்.

உங்கள் தம்பி தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணன் போனாலும் அண்ணன் வாயி போவல" என்றார். அந்த மனிதர் முணுமுணுத்துக்கொண்டே போனார். நான் அப்படியே வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கு உங்கள் தம்பியும் நன்றாகத்தானே ஓட்டினார்? அந்தக் கல்லூரிப் பேருந்துக்காரரும்? முழங்கால் இடிக்க இடிக்க நீங்கள் அந்த சீட்டைத் தட்டாமல் விட்டது சோம்பேறித்தனமா, இல்லை வேறு ஏதாவதா? இப்போது கேட்டால் யார் பதில் சொல்வது? அப்படி ஒரு நினைப்பு இருந்திருந்தால் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே. ஊரில் இருக்கிற டிரைவர்களையெல்லாம் பற்றி மணிக்கணக்காகப் பேசத் தெரிந்த மனிதருக்கு, கட்டினவளிடம் "இது உனுக்குத்தான்மே" என்று சொல்ல ஏன் வாய் வரவில்லை? நினைப்பே இல்லாமல் இருந்திருந்தால், அதையாவது எனக்குத் தெரியப்படுத்திவிட்டுப் போயிருக்கலாம். இப்போது உங்களைத் திட்டுவதா, கும்பிடுவதா என்றே தெரியவில்லை. இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருக்கிறேன்.

வண்டியை விற்கப்போவதில்லை என்று உங்கள் தம்பியிடம் சொல்லிவிட்டேன். நாளைக்குப் புது பேட்டரி வருகிறது. சீட்டில் யாரும் கை வைக்கக் கூடாது என்றும் சொல்லிவைத்திருக்கிறேன். இனி யாரும் தள்ள வேண்டாம், சாவியைத் திருப்பினால் போதும். ஆனாலும் பழக்கம் போக மாட்டேன் என்கிறது. ஸ்கூல் காரிலும் சரி, இன்றைக்கு நம் வண்டியிலும் சரி, உட்கார்ந்ததும் என் கை முதலில் செகண்டுக்குத்தான் போகிறது. கண்ணாடியைப் பார்க்கிறேன். பின்னால் நீங்கள் இல்லை என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் ஃபர்ஸ்டுக்கு மாற்றுகிறேன்.